வென்றவரின் பட்டியல் உங்களுக்கு எதற்கு?

பள்ளி விடுமுறை நெருங்கினால் மேசைப் போர் விளையாட்டுகளில் ஈடுபாடுள்ள இளையர்களிடையே பரபரப்பு தொற்றிக்கொள்ளும். போட்டிக்குப் பெயர் கொடுத்த கையோடு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இப்போது எந்தப் பட்டியல் ஜெயிக்கிறது?”

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது எளிது. கைப்பேசியில் தேடினால், கடைசியாக நடந்த பெரிய போட்டியில் வென்றவர் எந்தெந்த விமானங்களைக் கொண்டு வந்தார், எந்த விமானிக்கு என்ன ஆயுதம் பூட்டினார் என்ற விவரம் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். அதை அப்படியே எழுதிக்கொண்டு, தங்களிடம் இல்லாத விமானங்களைச் சேமிப்புக் காசில் வாங்கிக்கொண்டு போட்டிக்குப் போகிறார்கள். மதிய உணவுக்குள் இரண்டு மூன்று ஆட்டங்களில் தோற்றுவிட்டு, “எனக்கு இந்த விளையாட்டு வராது” என்ற முடிவோடு வீடு திரும்புகிறவர்களும் உண்டு.

விளையாட்டு அவர்களுக்கு வராமல் இல்லை. கையில் இருந்த பட்டியல்தான் அவர்களுடையதாக இல்லை.

போட்டிக்குப் படையணிப் பட்டியல் தயாரிக்கும் இளையர்கள், எது பலமான பட்டியல் என்று கேட்பதற்கு முன் எது தங்கள் கைக்குப் பழகிய பட்டியல் என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொன்னால், “அதெல்லாம் ஆறுதல் பேச்சு, கணக்குப்படி பலமான பட்டியல்தானே வெல்லும்?” என்று பலர் கேட்பார்கள். அந்தக் கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம்.

நூறு புள்ளிக்குள் ஒரு படை

எடுத்துக்காட்டுக்கு எக்ஸ்-விங் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் போர் விமானங்களைக் கையடக்க உருவங்களாகச் செய்து, மூன்றடிக்கு மூன்றடி பரப்பில் மோதவிடும் விளையாட்டு இது. 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. கதை விண்வெளியில் நடந்தாலும் ஆட்டம் என்னவோ பழைய விமானச் சண்டைதான். எதிரியின் பின்பக்கம் போக வேண்டும். எதிரியின் துப்பாக்கி முனையில் நாம் சிக்கக்கூடாது.

ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பினரும் தங்கள் விமானங்கள் எப்படி நகரும் என்பதை ஒரு சிறு சுழல்தட்டில் ரகசியமாகக் குறித்து, கவிழ்த்து வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். குறித்தது குறித்ததுதான்; மனம் மாறினாலும் விமானம் அந்த வழியில்தான் போகும். திறன் குறைந்த விமானி முதலில் நகர்வார். திறன் மிகுந்தவர் கடைசியில் நகர்ந்து, முதலில் சுடுவார்.

போட்டிக்கு வருமுன் ஒவ்வொருவரும் தம் படையைப் பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் பதிப்பில் அந்தப் படைக்கான வரம்பு 100 புள்ளி. ஒவ்வொரு விமானிக்கும், கூடுதல் ஆயுதத்துக்கும், சிறப்புத் திறனுக்கும் ஒரு விலை உண்டு. விலை அட்டையிலேயே அச்சிடப்பட்டிருந்ததால் கணக்குப் போடவும் வசதி. எனவே அந்தப் பதிப்பின் எண்களையே இங்கே தருகிறேன்.

டை ஃபைட்டர் விமானத்துக்கான ஆக மலிவான விமானியின் விலை 12 புள்ளி. எட்டுப் பேரை எடுத்தால் 96 புள்ளி. எக்ஸ்-விங் விமானத்துக்கான புதுமுக விமானியின் விலை 21 புள்ளி. நான்கு பேரை எடுத்தால் 84 புள்ளி. மீதி 16 புள்ளியை வேறு எதற்காவது பயன்படுத்தலாம்.

எது பலமானது? டை ஃபைட்டர் சுடும்போது இரண்டு பகடைகளை உருட்டும். எட்டு விமானங்களுக்கு 16 பகடை. எக்ஸ்-விங் மூன்று பகடைகளை உருட்டும். நான்கு விமானங்களுக்கு 12 பகடை. டை ஃபைட்டர் ஒவ்வொன்றும் மூன்று அடி தாங்கும். மொத்தம் 24. எக்ஸ்-விங் கவசத்தோடு சேர்த்து ஐந்து அடி தாங்கும். மொத்தம் 20. காகிதத்தில் பார்த்தால் எட்டு டை ஃபைட்டர்களே மேல். அந்த விளையாட்டின் தொடக்க காலத்தில் இந்த ‘ஈசல் கூட்டம்’ போட்டிகளில் எல்லாரும் அஞ்சிய பட்டியல்களில் ஒன்றாக இருந்தது உண்மை.

ஆனால், புதியவர் ஒருவர் அதே கூட்டத்தை மேசையில் வைத்தால் என்ன நடக்கும்?

பகடை சொல்லும் கணக்கு

தாக்குதல் பகடைக்கு எட்டு முகங்கள். நான்கு முகங்கள் அடி. இரண்டில் கண் சின்னம். மீதி இரண்டு வெறுமை. நகர்ந்து முடித்த விமானம் தனக்குரிய செயலாக ‘ஃபோகஸ்’ எடுத்திருந்தால், கண் சின்னங்களும் அடியாக மாறும். ஆக, ஃபோகஸ் இல்லாத பகடை அடியாக விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஃபோகஸ் உள்ள பகடைக்கு நான்கில் மூன்று.

இப்போது விதிமுறையில் உள்ள ஒரு சிறு வரியைக் கவனியுங்கள். நகரும் விமானம் வேறொரு விமானத்தின் மீது முட்டினால், அந்தச் சுற்றில் அதற்குச் செயல் கிடையாது. செயல் இல்லையென்றால் ஃபோகஸ் இல்லை. முட்டியது எதிரி விமானமா, சொந்த விமானமா என்ற பேதம் இல்லை.

எட்டு டை ஃபைட்டர்களும் ஒழுங்காக அணிவகுத்து, எல்லாமே ஃபோகஸ் எடுத்துச் சுட்டால், 16 பகடையில் சராசரியாக 12 அடி விழும். எட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஃபோகஸ் இல்லாமல் சுட்டால், சராசரி எட்டு அடிதான். பாதி விமானங்கள் மட்டும் முட்டினால் பத்து.

இதைப் புள்ளிக் கணக்கில் மாற்றிப் பாருங்கள். 96 புள்ளி கொடுத்து வாங்கிய படை, முட்டி மோதினால் 64 புள்ளிக்கான தாக்குதலைத்தான் தருகிறது. பாதி முட்டினால் 80 புள்ளிக்கானது. ‘பலமான பட்டியல்’ என்று நாம் தேடித் தேடிச் சேர்த்த நான்கு, ஐந்து புள்ளி ஆதாயமெல்லாம் ஒரே ஒரு தவறான திருப்பத்தில் கரைந்துபோகிறது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இரண்டு பகடையும் தவறிப்போகும் வாய்ப்பு, ஃபோகஸ் இருந்தால் 16ல் ஒன்று. இல்லையென்றால் நான்கில் ஒன்று. பகடை ராசி இல்லை என்று புலம்பும் பலருக்கு உண்மையில் இல்லாதது ராசியல்ல, முட்டாமல் ஓட்டும் பழக்கம்.

எட்டு விமானங்களை நெருக்கமாக, ஒன்றோடொன்று உரசாமல், பாறைகளைத் தவிர்த்து, ஒரே நேரத்தில் திருப்புவது எளிய வேலையில்லை. உள்வளைவில் இருக்கும் விமானத்துக்கு எந்த வேகம், வெளிவளைவில் இருப்பதற்கு எந்த வேகம், எதை முதலில் நகர்த்துவது என்பதெல்லாம் கையில் ஊற வேண்டும். அதோடு நேரக் கட்டுப்பாடு வேறு. பல போட்டிகளில் ஓர் ஆட்டத்துக்கு 75 நிமிடம் தருகிறார்கள். சுற்றுக்கு எட்டுச் சுழல்தட்டுகளைத் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தால், பாதி ஆட்டத்திலேயே மணி அடித்துவிடும்.

சரி, கூட்டம் வேண்டாம், திறன் மிகுந்த விமானிகள் இருவர் மூவர் போதும் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கடைசியில் நகர்வதால் எதிரி எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு ஒதுங்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அங்கே ஒரு விமானம் என்பது படையில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு. ஒருமுறை தவறான இடத்தில் நின்றால் ஆட்டம் முடிந்தது. மேலும், எதிரியின் 12 புள்ளி விமானம் முதலில் நகர்ந்து, நாம் போகப்போகும் இடத்தை ஊகித்து அங்கே போய் நின்றுவிட்டால், நம் 30 புள்ளி விமானி அதன் மீது முட்டிச் செயலிழந்து நிற்பார். மலிவான விமானம் விலையுயர்ந்த விமானத்தை வெல்லும் வழி இது. அந்தப் பொறியை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் அறிவு எந்தப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்காது.

அதே விமானம், வேறு கைகள்

இது விளையாட்டு மேசைக்கு மட்டும் பொருந்தும் பேச்சா? இத்தகைய விளையாட்டுகளின் விதிகளெல்லாம் உண்மையான விமானச் சண்டைகளைப் பார்த்து உருவானவைதான். அந்த உண்மைச் சண்டைகளில் ஒன்று சிங்கப்பூரின் வானத்திலேயே நடந்திருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் 1942ஆம் ஆண்டைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று பிரிட்டிஷ் படைத் தலைமை மதிப்பிட்டிருந்தது. 1941 டிசம்பரில் போர் மூண்டபோது இருந்தவை ஏறத்தாழ 158. பிரிட்டனுக்கும் அன்று ஒரு ‘புள்ளி வரம்பு’ இருந்தது என்று சொல்லலாம். சிறந்த விமானங்கள் ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போயின. இங்கே வந்தவை அமெரிக்கத் தயாரிப்பான புரூஸ்டர் பஃபலோ போர் விமானங்கள். காலாங், செம்பவாங் விமானத் தளங்களிலிருந்து அவை பறந்தன. விமானிகளில் பலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்த இளையர்கள். ஜப்பானிய விமானங்களின் வேகத்துக்கும் சுழற்சிக்கும் முன்னால் பஃபலோவால் ஈடுகொடுக்க முடியவில்லை. வரலாற்றில் அதற்கு ‘மோசமான விமானம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இதே நிறுவனத்தின் இதே வகை விமானங்கள் 44ஐ ஃபின்லாந்தும் வாங்கியிருந்தது. அங்கே கதை நேர்மாறானது. 1941 முதல் ஃபின்லாந்து விமானிகள் அவற்றைக் கொண்டு சோவியத் விமானங்களுக்கு எதிராக நூற்றுக்கணக்கான வெற்றிகளைக் கணக்கில் எழுதினார்கள். அவர்களில் இல்மாரி யூத்திலைனன் என்பவர் தம் 94 வெற்றிகளில் 34ஐ இந்த விமானத்தில் பெற்றவர். எஞ்சினில் தொல்லை வந்தபோது, பிஸ்டன் வளையம் ஒன்றைத் தலைகீழாக மாட்டிப் பார்த்துச் சரிசெய்யும் அளவுக்கு அவர்களின் பணியாளர்கள் அந்த இயந்திரத்தைப் புரிந்துவைத்திருந்தார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். ஃபின்லாந்துக்குப் போன வகை எடை குறைந்தது. இங்கே வந்தது கூடுதல் எடை சுமந்தது. வெப்பநிலை வேறு, எதிரி வேறு, எச்சரிக்கை வசதிகள் வேறு. சிங்கப்பூர் வீழ்ந்ததற்கு விமானிகளைக் குறைசொல்வது பெரிய அநியாயம். விளையாட்டில் தோற்றால் உருவங்களைப் பெட்டியில் எடுத்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அங்கே போனவை உயிர்கள். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. இது நல்ல விமானம், அது கெட்ட விமானம் என்ற ஒரே வரி தீர்ப்பு போதாது. யார் ஓட்டுகிறார்கள், எதற்கு எதிராக, எவ்வளவு பழகியிருக்கிறார்கள் என்ற கேள்விகள் இல்லாமல் எந்தப் பட்டியலுக்கும் பொருள் இல்லை.

1942 ஜனவரி நடுவில் இன்னும் நல்ல விமானங்களான ஹரிக்கேன்கள் 51, பெட்டிகளில் அடைத்துச் சிங்கப்பூருக்கு வந்தன. அவசர அவசரமாகப் பூட்டிப் பறக்கவிட்டார்கள். பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. கடைசி நேரத்தில் வந்து சேரும் நல்ல கருவி காப்பாற்றும் என்று நம்புவோர், அந்தச் சில வாரங்களை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். போட்டிக்கு முந்திய நாள் கடைக்குப் போய்ப் புதிய பெட்டியைப் பிரிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

பார்த்து எழுதுவது தவறா?

“மற்றவரின் ஆட்டத்தைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்ள முடியும்? சதுரங்கத்தில் பெரிய ஆட்டக்காரர்களின் தொடக்க நகர்த்தல்களை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்களே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வென்றவரின் பட்டியலைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைப் படியுங்கள். வீட்டில் மேசை மீது வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு விமானத்தையும் அவர் ஏன் எடுத்தார், எதை விட்டார் என்று யோசியுங்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை. ஆனால், அந்தப் பட்டியலை உருவாக்கியவர் அதற்கு முன் எத்தனை முறை தோற்று, எத்தனை முறை மாற்றி எழுதினார் என்பது பட்டியலில் இருக்காது. நமக்குக் கிடைப்பது விடை மட்டும். போட்ட வழி நமக்குத் தெரியாது. கணக்குத் தேர்வில் வழியில்லாமல் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, வென்ற பட்டியல் அன்றைய எதிரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த வட்டாரத்தில் எல்லாரும் ஈசல் கூட்டம் கொண்டு வருவார்கள் என்று கணித்து, கூட்டத்தைச் சிதறடிக்கும் ஆயுதங்களை அவர் எடுத்திருப்பார். உங்கள் எதிரில் உட்காரப்போகிறவர் தேர்ந்த விமானிகள் இருவரை மட்டும் கொண்டு வந்தால், அந்த ஆயுதங்கள் சும்மா கிடக்கும்.

பட்டியலுக்கு ஆயுளும் குறைவு. 2018ல் எக்ஸ்-விங் இரண்டாம் பதிப்பு வந்தபோது வரம்பு 200 புள்ளியாக மாறியது. விலைகளை அட்டையில் அச்சிடுவதையே நிறுத்தினார்கள். எப்போது வேண்டுமானாலும் திருத்துவதற்கு அது வசதி. எந்தப் பட்டியல் அதிகம் வெல்கிறதோ அதன் விலை அடுத்த திருத்தத்தில் ஏறும். பின்னர் வந்த மாற்றத்தில் வரம்பு 20 புள்ளியாகச் சுருங்கி, கணக்கு முறையே மாறிப்போனது. 2024ல், இந்த விளையாட்டுக்குப் புதிதாக எதுவும் உருவாக்கப்போவதில்லை என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். இன்று அதைத் தொடர்ந்து ஆடுகிறவர்கள், ரசிகர்கள் தாங்களே கூடிப் பேணும் விதிகளையும் புள்ளிகளையும் கொண்டு ஆடுகிறார்கள்.

இத்தனை மாற்றங்களில் எத்தனை ‘தோற்கடிக்க முடியாத’ பட்டியல்கள் பழங்காகிதமாகிப் போயிருக்கும்! ஆனால், தூரத்தைக் கண்ணால் அளக்கவும், எதிரி அடுத்து எங்கே திரும்புவார் என்று ஊகிக்கவும் பழகியவர்களின் திறன் எந்தத் திருத்தத்திலும் குறையவில்லை. வேறொரு விமானப் போர் விளையாட்டுக்கு மாறினாலும் அது கூடவே வரும்.

எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?

முதலில், உங்களிடம் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். நண்பர்களிடம் இரவல் கேளுங்கள். ஒரு விமானத்தைக் குறைந்தது சில ஆட்டங்களாவது ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுத்து வாங்காதீர்கள். மாணவர் கையில் இருக்கும் பணத்துக்கும் புள்ளி வரம்பு உண்டு.

அடுத்து, உங்கள் திட்டத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். “நான்கு விமானங்களும் ஒன்றாகப் போய், எதிரியின் ஆகப் பெரிய விமானத்தை முதல் இரண்டு மோதலில் வீழ்த்தும்.” “இரண்டு விமானங்கள் எதிரியை இழுத்துக்கொண்டு ஓடும். மூன்றாவது பின்னாலிருந்து வரும்.” இப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால், கையில் இருப்பது வெறும் விமானங்களின் கூட்டம், இன்னும் படையாகவில்லை.

மூன்றாவது, ஒவ்வொரு புள்ளியையும் கேள்வி கேளுங்கள். இந்த ஏவுகணை கடந்த ஐந்து ஆட்டங்களில் எத்தனை முறை சுட்டது? இந்தச் சிறப்புத் திறன் நினைவுக்கு வந்ததே எத்தனை முறை? கிடைத்த இடத்திலெல்லாம் எதையாவது பூட்டிவிட வேண்டும் என்ற ஆசை புதியவர்களுக்கு அதிகம். புள்ளியை மிச்சம் வைப்பதற்கும் பலன் உண்டு. இந்த விளையாட்டின் முதல் இரண்டு பதிப்புகளிலும், மொத்தப் புள்ளி குறைவாக உள்ளவருக்கே யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமை இருந்தது. சமத் திறன் கொண்ட விமானிகள் மோதும்போது அந்த உரிமை ஆட்டத்தையே தீர்மானிக்கும். இரண்டு மூன்று புள்ளிகளை வேண்டுமென்றே செலவிடாமல் வந்து, அந்த உரிமையைப் பெற்று வென்றவர்கள் பலர்.

நான்காவது, எல்லாரையும் வெல்லும் பட்டியலைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை. சுவிஸ் முறையில் நடக்கும் போட்டியில் ஒரு தோல்வி உங்களை வெளியேற்றாது. உங்களைப் போலவே ஒன்று தோற்றவரோடு அடுத்து ஆடுவீர்கள். உங்கள் படை எந்த வகை எதிரியிடம் திணறும் என்று தெரிந்துவைத்திருந்தால் போதும். திணறும் ஆட்டத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்கலாம்.

கடைசியாக, முடிவு செய்த பட்டியலோடு பத்து ஆட்டமாவது ஆடுங்கள். தோற்றவுடன் பட்டியலைக் கிழித்தெறியாதீர்கள். மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை மாறாமல் வைத்திருப்பதன் காரணம்தான் இங்கேயும். நான்கையும் ஒன்றாக மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு வரி எழுதிவையுங்கள். ‘மூன்றாம் சுற்றில் முட்டினேன்’, ‘பாறையை மறந்தேன்’ என்பது போன்ற குறிப்புகள் பத்து சேர்ந்தால், பட்டியலில் குறையா, ஓட்டுவதில் குறையா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்

இந்த விஷயத்தில் இளையவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மன்றங்களில் இருக்கும் மூத்த மாணவர்களும் பயிற்றுவிப்பாளர்களும் செய்வதையும் சொல்ல வேண்டும். போட்டி வந்துவிட்டால், “இதை எடுத்துக்கொண்டு போ, இப்படி ஆடு” என்று தயாரான பட்டியலைப் புதியவர் கையில் திணிக்கிற வழக்கம் இருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். மன்றத்துக்கு ஒரு கோப்பை வரட்டும் என்ற ஆசையும் இருக்கலாம்.

ஆனால், அந்தப் புதியவர் வென்றால் பட்டியல் வென்றதாகப் பேசுவார்கள். தோற்றால் அவர் தோற்றதாகப் பேசுவார்கள். இரண்டிலும் அவருக்கு இழப்புதான். யோசித்துத் தேர்ந்தெடுப்பது இந்த விளையாட்டின் பாதி. அந்தப் பாதியைப் பறித்துவிட்டு மீதியை ஆடு என்று சொல்வது, சமையல் கற்றுக்கொள்ள வந்தவரிடம் வெந்த சோற்றைக் கொடுத்துப் பரிமாறச் சொல்வதைப் போன்றது.

அவர்களே ஒரு பட்டியல் எழுதட்டும். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. “ஏன் இதை எடுத்தாய்?” என்று கேளுங்கள். பதில் சரியாக இல்லையென்றால் திருத்தாதீர்கள். அவரோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள். மேசையே சொல்லிக்கொடுக்கும். முதல் போட்டியில் கடைசி இடம் வந்தாலும், தம் பட்டியலோடு தோற்றவர் அடுத்த வாரம் திரும்பி வருவார். எங்கே தவறியது என்று தேட அவரிடம் ஓர் இடம் இருக்கிறது. இரவல் பட்டியலோடு தோற்றவருக்கு அந்த இடமும் இல்லை.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் கோப்பை இல்லை. சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்ததும் கூட்டுச் சேர்க்கைப் படிவத்தில் 12 தெரிவுகளை வரிசைப்படுத்த வேண்டிய வயதில் நம் மாணவர்கள் இருக்கிறார்கள். தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா, எந்தப் பாடங்கள் என்ற கேள்விகளுக்கு, “எல்லாரும் எதை எடுக்கிறார்கள்?” என்பதே பல வீடுகளில் முதல் அளவுகோல். அங்கேயும் புள்ளிக்கு வரம்பு இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். வேறொருவருக்குப் பொருந்திய பட்டியல் தமக்குப் பொருந்துமா என்று நிதானமாகக் கேட்கும் பழக்கத்தை, தோற்றால் ஒரு பிற்பகல் மட்டுமே போகும் ஒரு விளையாட்டில் பழகிக்கொள்வது எவ்வளவு மலிவு!

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது, நீங்கள் எழுதிய பட்டியலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொரு விமானத்தையும் காட்டி “ஏன் இது?” என்று எதிரில் இருப்பவர் கேட்டால், யாரையும் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்ல உங்களால் முடிகிறதா? முடிந்தால், பட்டியல் தயார். போய் ஆடுங்கள்.